பூபாலனின் முதுகு யார் பக்கம்?

பூபாலனின் இடுப்பு பிடித்துக்கொண்டதற்குப் பலாப்பழம்தான் காரணம் என்று ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிதான் நிஜம். மறுபாதிக்குக் காவியா என்று பெயர்.

பூபாலன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். மலையில் விளைகிற பலா, புளி, சாமை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்குவான். திரும்பும்போது அப்பா சேட்டுவின் மளிகைக் கடைக்குச் சரக்கு ஏற்றி வருவான். தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதையே அவன் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. காவியா, மலையடிவாரத்தில் படவேட்டுக்குப் பக்கம் கரும்பு போடுகிற வடிவேலுவின் மகள். தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சித்திரையில் பெண் பார்த்தாயிற்று. வைகாசியில் நிச்சயம். இடைப்பட்ட நாளெல்லாம் இரண்டு பேரும் போனிலேயே குடியிருந்தார்கள்.

நிச்சயத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வண்டியில் பலா ஏற்றிக்கொண்டிருந்தபோது காவியாவின் வீடியோ கால் வந்தது. பூபாலன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குவியலிலேயே பெரிய பழத்தைக் காட்டி, "பாத்தியா, எங்க மலைப் பழம்" என்றான்.

"அதுவா? எங்க வூட்டு மரத்துல பிஞ்சே அந்த சைஸு வுடும்" என்றாள் காவியா.

"போன வாரம் இதவிடப் பெருச ஒத்தக் கையால தூக்கிப் போட்டேன்."

"போன வாரம் நான் பாக்கலியே."

இதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? போனை வண்டியின் பின்கதவில் சாய்த்து வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான். குனிந்து பழத்தைக் கட்டிப்பிடித்து, ஒரு பக்கமாகத் திரும்பி, முகத்தில் சிரிப்பு மாறாமல் தூக்கினான். இடுப்பில் யாரோ கோணி ஊசியைச் சொருகித் திருகியதுபோல இருந்தது.

காவியா தன் போனில் பார்த்தது இவ்வளவுதான். பூபாலன் மேலே வந்தான். அதே சிரிப்போடு கீழே போனான். பலாப்பழம் தனியாக உருண்டுபோனது. அப்புறம் போனும் சாய்ந்து வெறும் வானம் தெரிந்தது.

"என்னங்க! இன்னா ஆச்சு? யோவ்! யோவ் பூபாலு!"

பலாப்பழங்களுக்கு நடுவில் நான்கு காலில் நின்றுகொண்டிருந்த பூபாலனுக்கு உயிர் போகிற வலி. அப்படியும் அவள் முதன்முதலாக 'யோவ்' என்று கூப்பிட்டது காதில் தேனாக இறங்கியது. அந்தக் கோலத்திலேயே ஒரு முறை சிரித்துக்கொண்டான்.

டாக்டர் ஹெப்சியிடம் போனபோது பக்கத்தில் அம்மா வசந்தி இருந்தாள். சட்டைப் பையில், அழைப்பைத் துண்டிக்காத போனில், காவியா இருந்தாள். டாக்டர் தட்டிப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார், விரலை ஆட்டச் சொன்னார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, சதைப் பிடிப்பு. படுத்தே கெடக்காதீங்க, வலி தாங்குற அளவுக்கு நடமாடுங்க. கனமா எதையும் தூக்காதீங்க. தடார்னு குனியாதீங்க. முடியலன்னா கொஞ்ச நேரம் படுங்க. காலு மரத்துப்போச்சுன்னாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம்னாலோ ஒடனே வாங்க."

நல்ல வார்த்தைகள். கேட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டதில்தான் வந்தது வினை.

"டாக்டரம்மா சொன்னத கேட்ட இல்ல? தூக்காத, குனியாத, படு" என்றாள் வசந்தி, வெளியே வந்ததும்.

"டாக்டர் சொன்னாங்க இல்ல? படுத்துக் கெடக்காதீங்க, நடங்க" என்றது சட்டைப் பை.

இரண்டு பேரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். இது வடிவேலுவின் காதுக்குப் போகக்கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. காவியாவுக்கு முன்னால் ஒரு சம்பந்தம் பேசி, தட்டு மாற்றுகிற அன்றைக்கு, மாப்பிள்ளை குனிந்தபோது அவன் தலைமுடி மொத்தமாகக் கழன்று தாம்பூலத் தட்டில் விழுந்துவிட்டது. வடிவேலு அதை எடுத்து மரியாதையாக அவன் கையிலேயே கொடுத்தார். "முடி இல்லாதது தப்பில்ல தம்பி. இருக்கற மாதிரி வந்த பாரு, அது தப்பு" என்று சொல்லித் தட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கதை மலைக்கு மேலேயும் வந்து சேர்ந்திருந்தது.

"இடுப்பு வுழுந்தவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வாய் தொறக்காத" என்றாள் வசந்தி.

"நைனாகிட்ட மட்டும் மூச்சு வுடாதீங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்கள நான் சரி பண்ணிடறேன்" என்றாள் காவியா.

பூபாலனுக்கும் வேறு வழி தெரியவில்லை. அவனுக்குக் காவியா வேண்டும். தட்டு திரும்பி வரக்கூடாது. அதற்காக இடுப்பை யார் கேட்டாலும் அவர்களிடம் ஒப்படைக்கத் தயாராக இருந்தான். இரண்டு பேர் கேட்டதுதான் சிக்கல்.

காவியா வீட்டில் இன்னொரு வழக்கம் வேறு இருந்தது. நிச்சயத்தன்று, தட்டு மாற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை பெண்வீட்டுப் பெரியவர்கள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். மொத்தமாக ஒரே கும்பிடு போட்டுத் தப்பிக்க முடியாது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி. பெரியவர் வாழ்த்தி முடித்து 'எழுந்திரு' என்று சொல்கிறவரை எழக்கூடாது.

"எத்தினி ஜோடி?" என்று பயந்துபோய்க் கேட்டான் பூபாலன்.

"நைனாவுக்கு அண்ணன் தம்பிங்க நெறய. அம்மா பக்கம் அதவிட நெறய" என்றாள் காவியா. "அன்னிக்கு அத்தினி தடவை வுழுந்து எழுந்துக்கணும்னா, இன்னிக்கே ஒடம்பு வளையணும். நடங்க."

வசந்தியின் யோசனை வேறு மாதிரி. "அன்னிக்கு அத்தினி தடவை வுழணும்னா, இருக்கற தெம்பு எல்லாத்தையும் சேத்து வெச்சிக்கடா. படு."

இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. பூபாலன் அப்பாவைக் கேட்டான். சேட்டு மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டே, "ரெண்டும் நல்லதுதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் அவர் சொல்லி வந்த தீர்ப்பு அதுதான்.

ஆகவே பூபாலன் இரண்டு கட்சியிலும் சேர்ந்துவிட்டான்.

வசந்தி வீட்டில் இருக்கிறபோதெல்லாம் அவன் நோயாளி. கட்டிலில் இருந்த பஞ்சு மெத்தையை உருவிவிட்டுப் பலகை மேல் பாயைப் போட்டாள். நொச்சித் தழை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தைலம் தேய்த்ததில் வீடு முழுக்கக் கண் எரிந்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடவில்லை. சொம்பு வாயருகே வந்தது. சோற்றைக்கூடப் பிசைந்து ஊட்ட வந்துவிட்டாள். முப்பது வயதுப் பிள்ளைக்கு வாய் திறந்து காட்டுவது வெட்கமாக இருந்தாலும், கருவாட்டுக் குழம்பு என்பதால் திறந்தான்.

வசந்தி கடையில் உட்கார வெளியே போனதும் காவியாவின் ஆட்சி தொடங்கும். போனைச் சுவரில் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கம் டிராக் பேன்ட், கழுத்தில் விசில் சகிதம் நின்றுகொண்டிருப்பாள்.

"முட்டி போட்டு, ரெண்டு கையையும் ஊனுங்க. பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகைத் தூக்குங்க. மெதுவா. இப்ப மாடு மாதிரி எறக்குங்க. மாடு சிரிக்காது, சிரிக்காம பண்ணுங்க."

"உன்னப் பாத்தா சிரிப்பு வருது."

"என்னைப் பாக்காதீங்க, தரையப் பாருங்க!" விசில் பறந்தது.

அந்த விசில் சத்தம் கடைவரை போனது. "அடுப்புல குக்கர் வெச்சேனா?" என்று வசந்தி உள்ளே ஓடிவந்தாள். அடுப்பங்கரையில் அடுப்பு எரியவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தால் மகன் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி நான்கு காலில் நின்றிருந்தான்.

"இன்னாடா பண்ற?"

"சார்ஜரு வுழுந்துடுச்சிம்மா."

"குனியாதன்னு சொன்னேன் இல்ல! தள்ளு, நான் எடுத்துத் தர்றேன்." வசந்தி படுத்துக் கட்டிலுக்கு அடியில் தேட ஆரம்பித்தாள். கால் மணி நேரம் தேடி, போன தீபாவளிக்குக் காணாமல் போன அவளுடைய ஒற்றைத் தோட்டைக் கண்டுபிடித்தாள். போனுக்குள் காவியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பூபாலனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் இப்படி ஓடியது. நடந்தால் கொஞ்சம் தேவலாம்போல இருந்தது. அதே சமயம், மதியச் சோற்றுக்குப் பிறகு அம்மாவின் ஒத்தடமும் மின்விசிறியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அதற்கு எதிராகக் காவியாவின் குரல்கூட எடுபடவில்லை. "சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கணும்" என்று அவள் சொல்லியிருந்தாள். நடந்ததற்குச் சாட்சியாகப் போனில் எவ்வளவு தூரம் நடந்தான் என்று காட்டுகிற கணக்கை அனுப்ப வேண்டும். புதன்கிழமை பூபாலனுக்கு ஒரு யோசனை வந்தது. போனை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டான். அன்று சந்தை. சேட்டு ஒரு கடை விடாமல் ஏறி இறங்குகிறவர். அவர் நடக்கட்டும், நாம் தூங்கலாம்.

காவியா அன்று சீக்கிரமே கூப்பிட்டாள். சேட்டு எடுத்தார்.

"நடக்கிறீங்களா?" என்றாள் காவியா, ஆசையாக.

"நடந்துக்கினுதான்மா கீறேன்" என்றார் சேட்டு. "கத்திரிக்கா வெல கேட்டுக்கினு கீறேன். நீ யாரு?"

"மாமா, நான் காவியா. அவரு எங்க?"

"பூபாவா? அவன் மத்தியானத்துலேந்து தூங்கறான்மா. குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. நல்லா ஆய்டுவான், நீ கவலப்படாத."

மாலையில் போன் கைக்கு வந்தபோது காவியாவின் ஒரே ஒரு செய்தி இருந்தது. "எங்க நைனா பொண்ணு நான். பொய் எனக்கும் ஆவாது." பூபாலன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பூ, இதயம், கும்பிடுகிற கை என்று போனில் இருந்த பொம்மைகளை எல்லாம் அனுப்பினான். பதில் இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் வாசலில் இறங்கி, எல்லோரும் பார்க்கும்படி, ஏரிப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். முந்தின நாள் நடக்காததையும் சேர்த்து நடந்தான். திரும்பி வந்தபோது கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தான்.

வாசலில் வசந்தி கையில் தைலத்தோடு நின்றிருந்தாள்.

"யாரு சொல்லி நடந்த?"

பூபாலன் வாசல் நிலையைப் பிடித்து நிமிரப் பார்த்தான்.

"தெரியும்டா. தட்டே இன்னும் மாத்தல. அதுக்குள்ள அவ பேச்சுதான் பேச்சு. நான் ஒத்தடம் குடுக்கறவ, அவ்ளோதான்." தைலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பூபாலனுக்கு இப்போது இடுப்பு வலியைவிட இது பெரிய வலியாக இருந்தது. படுத்தால் காவியாவுக்குத் துரோகம்; எழுந்தால் அம்மாவுக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் கட்டில் விளிம்பில் சாய்ந்தபடி, படுக்கவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் மிச்ச நாட்களை ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம்தான் காவியாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "பச்ச சட்ட போட்டுக்கினு வாங்க. கோவம் அப்படியேதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வேன் மலை இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பூபாலனின் இடுப்பு தனியாக ஒரு வளைவு போட்டது. கரும்புத் தோட்டங்கள் தெரிய ஆரம்பித்ததும் வசந்தி அவன் காதில், "சிரிச்ச மூஞ்சா எறங்கு" என்றாள். பலாப்பழத்தைத் தூக்கியபோது முகத்தில் வைத்திருந்த சிரிப்பையே எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினான்.

வடிவேலுவின் வீட்டுக் கூடம் நிறைய ஜனம். வாசல் பந்தலில் மேளக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காவியா மாம்பழ நிறப் புடவையில் தன் அம்மா ராஜேஸ்வரியின் பக்கத்தில் நின்றாள். அவனைப் பார்த்து முறைத்தாள். முறைப்புக்கு நடுவிலேயே கண் அவன் இடுப்புக்குப் போய்க் கவலையோடு திரும்பி வந்தது.

"மாப்ள, வாங்க. மொதல்ல பெரியவங்க ஆசீர்வாதம்" என்றார் வடிவேலு. நல்ல உயரம், கனத்த மீசை, நிமிர்ந்த நடை.

முதல் ஜோடி பெரியப்பா, பெரியம்மா. பூபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்தான். கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாவது ஜோடி, விழுந்தான். எழுந்தான், எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது ஜோடியான சின்னப் பெரியப்பா வாழ்த்துரை மன்னர். விவசாயச் சங்கத்தில் பேசிப் பழகியவர். பூபாலன் விழுந்ததும் அவர் தொடங்கினார். பதினாறு செல்வங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்து, நடுவில் சர்க்கரை ஆலை கரும்புக்குக் கொடுக்கிற விலையையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கடைசியாக "எழுந்திரு மாப்ள" என்றார்.

பூபாலன் எழவில்லை. இடுப்பு, நான் வரவில்லை, நீ வேண்டுமானால் போ என்றுவிட்டது.

குளிர்ந்த டைல்ஸில் கன்னத்தை வைத்தபடி அவன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வெடிப்பு விழுந்த குதிகால்கள், மஞ்சள் பூசிய பாதங்கள், மெட்டிகள். அவற்றுக்கு மேலே எங்கோ உயரத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பாருடி, இன்னா மருவாதி! 'எழுந்திரு'ன்னு சொல்லியும் எழுந்துக்கல." ராஜேஸ்வரியின் அக்கா செல்லியின் குரல் அது. "நம்ப வூட்டுக்கு வந்த மாப்ளங்க எவனாவது இப்படி வுழுந்து கெடந்தானா?"

ஏற்கெனவே அந்த வீட்டு மாப்பிள்ளைகளாக இருந்தவர்களின் கால்கள் சங்கடமாக இடம் மாறி நின்றன.

"அந்தப் புள்ளய ஏன் ஒவ்வொரு வாட்டியும் எழுப்பறீங்க? அப்படியே இருக்கட்டும். நாம மாறி மாறி வந்து நின்னுக்கலாம்" என்றார் ஒரு மாமா. நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரி ஜோடி ஜோடியாக வந்து அவன் தலைமாட்டில் நின்று, அட்சதை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். பூபாலன் கிடந்தபடியே எல்லா ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டான். ஒரு அரிசி மூக்குக்குள் போனது. தும்மக்கூடப் பயமாக இருந்தது.

கடைசியாக வந்தவை வடிவேலுவின் பெரிய பாதங்கள். பக்கத்தில் ராஜேஸ்வரியின் சின்னப் பாதங்கள்.

"நல்லா இருங்க. எழுந்திரு மாப்ள."

அசைவில்லை.

"போதும் மாப்ள. எழுந்திரு."

அப்போதுதான் வசந்திக்கு அடக்க முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்! படுத்தே கெடந்திருந்தா இன்னிக்கு இப்படி ஆயிருக்குமா? நட நடன்னு நடக்க வெச்சே எம்புள்ள இடுப்ப ஒடச்சிட்டாங்க!"

"யாரு ஒடச்சது, அத்த?" காவியாவின் கொலுசு வேகமாக முன்னால் வந்தது. "படுக்க வெச்சி படுக்க வெச்சிதான் எறுகிப் போச்சி! பலகையில போட்டு சோறு ஊட்டுனா எப்படி வளையும்?"

"நீ விசில் ஊதுனா வளஞ்சிடுமா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெக்காத குக்கரு எப்படிடி ஊதும்? எனக்கு இன்னா புத்தி இல்லயா?"

பூபாலனுக்கு மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, அவனுடைய முதுகு பந்து மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கட்டிக்காத்த ரகசியத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே நிமிஷத்தில் கூடம் நிறையக் கொட்டிவிட்டிருந்தார்கள். சேட்டுவின் செருப்பில்லாத கால்கள் "ரெண்டும் நல்லதுதான்" என்று முணுமுணுத்தபடி கதவோரமாக நகர்வது தெரிந்தது.

"கொஞ்சம் சும்மா இருங்க எல்லாரும்" என்றார் வடிவேலு.

செல்லி அழுகையை நிறுத்திவிட்டாள். பெரிய பாதங்கள் ஒரு அடி முன்னால் வந்தன. வேட்டி மடிந்தது. ஒரு முட்டி தரையைத் தொட்டது. அப்புறம் இன்னொரு முட்டி. இரண்டு கைகள். அவனை அடிக்கத்தான் குனிகிறார் என்று பூபாலன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது, எதிரே, அதே டைல்ஸில் கன்னத்தை வைத்தபடி, வடிவேலுவின் மீசை இருந்தது. குப்புறப் படுத்து அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லு. இன்னா ஆச்சி?"

"எடுப்பா ஒரு பலாப்பழத்த தூக்கனேன் மாமா. காவியா பாத்துக்கினு இருந்துச்சி."

"எப்ப?"

"போன ஞாயிறு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மறைத்தாலும் ஓடிப்போக முடியாது. "சொன்னா பொண்ணு குடுக்கமாட்டீங்களோன்னு பயம் மாமா. எனக்கு காவியா வேணும். வேற ஒண்ணும் இல்ல. இடுப்பு சரியில்லாதது நெசம். நல்லா இருக்கற மாதிரி வந்ததும் நெசம். ரெண்டு பேரும் சொன்னாங்கன்றதுக்காக இல்ல, நானும்தான் மறைச்சேன். தட்ட திருப்பி அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. ஆனா ஒண்ணு மாமா. தட்ட எடுத்துக்கினு போறதுக்கு ஆள் கீது. என்ன எடுத்துக்கினு போவத்தான் யாரும் இல்ல."

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல் இருமினார்கள். காவியாவின் கால் விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

வடிவேலுவின் மீசை துடித்தது. முதலில் கோபம் என்றுதான் பூபாலன் நினைத்தான். அப்புறம் அவர் வயிறு தரையில் குலுங்குவதைப் பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணில் நீர் வர. "எடுத்துக்கினு போவ ஆள் இல்லயா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பின் உச்சியில் திடீரென்று "ஆ!" என்றார். முகம் கோணியது.

"மாமா?"

"மெதுவா பேசு" என்றார் வடிவேலு, பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கும் பிடிச்சிக்கிச்சி."

"இப்பவா?"

"இப்ப இல்லடா. கரும்பு வெட்டுலேந்தே கீது. சிரிச்சதுல ஏறிக்கிச்சி. ராஜிக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னக் கட்டில்ல போட்டுக் கட்டிடுவா."

கூடம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். ராஜேஸ்வரியின் சின்னப் பாதங்கள் மெதுவாக வந்து அவர் மூக்குக்கு எதிரே நின்றன.

"இன்னாது?" என்றாள் ராஜேஸ்வரி. "கரும்பு வெட்டுலேந்தா? அதான் தெனமும் 'நான் பாயிலயே படுத்துக்கறேன், கட்டில்ல காத்து வரல'ன்னீங்களா? ஊருக்கெல்லாம் மறைக்காத மறைக்காதன்னு பிரசங்கம், வூட்டுக்குள்ள இந்த வேலயா?"

வடிவேலு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மாமனாரும் மாப்பிள்ளையும் மீசையும் மூக்கும் இடிக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூபாலனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து அவருக்கு. பிறகு செல்லிக்கு, சேட்டுவுக்கு, வசந்திக்கு. காவியா சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டாள்.

"நல்ல நேரம் முடியப் போவுது!" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்ப மாத்துங்க தட்ட" என்றார் வடிவேலு தரையிலிருந்து.

"அண்ணா, மாப்ள வேணும்ன்றியா?" என்று கேட்டார் தம்பி ஒருவர், சந்தேகமாக.

"எனக்கு முன்னாடி நெசத்த சொன்னவன்டா இவன். நான் இத்தினி நாளா என் பொண்டாட்டிக்கே சொல்லல. மாத்து தட்ட."

ராஜேஸ்வரியும் வசந்தியும் தட்டைப் பிடிக்க, வெற்றிலையும் பழமும் புடவையும் இரண்டு ஆண்களின் முதுகுக்கு மேலாகக் கைமாறின. நிச்சயம் ஆயிற்று. தெருவிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் இதுவும் அந்த வீட்டு வழக்கங்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வசந்தி குனிந்து மகனின் முகத்தைப் பார்த்தாள். காவியாவும் இந்தப் பக்கம் மண்டியிட்டாள். இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். இரண்டு பேரும் மற்றவள் முந்திக்கொள்ளட்டும் என்று மூடிக்கொண்டார்கள்.

"அவனயே கேளுங்களேன். அது அவன் இடுப்பு" என்றாள் ராஜேஸ்வரி.

ஒரு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. பூபாலன் கண்ணை மூடி உள்ளுக்குள் விசாரித்துப் பார்த்தான். விழுந்து கிடந்தது போதும் என்றது இடுப்பு. ஆனால் வியாழக்கிழமை மாதிரி வீம்புக்கு நடந்தால் தொலைத்துவிடுவேன் என்றும் சொன்னது.

"நடக்கணும்" என்றான். வசந்தியின் முகம் விழுந்தது. "மெதுவா, கொஞ்ச தூரம். அப்பால வந்து படுக்கணும். ஒத்தடம் வேணும்."

"ஒருக்களிச்சுப் படுங்க" என்றாள் காவியா. "முட்டிய மடக்குங்க. இப்ப கைய ஊனி..."

"அவசரப்படாதடா, மூச்ச வுட்டு எழுந்துக்க" என்றாள் வசந்தி, அவன் தோளுக்கு அடியில் கை கொடுத்து. காவியா மறு தோளைப் பிடித்தாள். பூபாலன் எழுந்து நின்றான். கூடம் கைதட்டியது. "என்ன யாரு தூக்குவாங்க?" என்ற வடிவேலுவின் குரலுக்கு, "நீங்க கொஞ்ச நேரம் அங்கயே கெடங்க" என்று ராஜேஸ்வரி பதில் சொன்னாள்.

மூவருமாக வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். பந்தலில் இருந்த மேளக்காரர்களுக்கு உள்ளே நடந்த எதுவும் தெரியாது. மாப்பிள்ளை தெருவில் இறங்கினால் ஊர்வலம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்கள், மேளத்தைத் தோளில் மாட்டினார்கள், முன்னால் ஓடி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தில் இருந்த ஜனம் முழுக்கப் பின்னால் வந்துவிட்டது. நிச்சயத்துக்கு ஊர்வலம் போன முதல் மாப்பிள்ளை, நத்தை வேகத்தில், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தெருவில் நடந்தான்.

"கோவம் போச்சா?" என்று காவியாவின் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

"எங்க நைனாவோட தரையில படுத்துப் பேசனவன்கிட்ட எப்படிய்யா கோவமா இருக்கறது?" என்றாள் அவள். காது மடல் சிவந்திருந்தது.

"அந்த கரண்ட் கம்பம் வரைக்கும் போனா போதும். திரும்பிடலாம்" என்றாள் வசந்தி.

"பம்ப் செட்டு வரைக்கும் போலாம் அத்த. அங்க நெழல் இருக்கும்."

"வெயில்ல எம்புள்ளய காயப்போடாத."

"உங்க புள்ள என்ன வத்தலா, காய?"

வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பை எடுத்து மகன் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தாள். அவள் குள்ளம், பூபாலன் உயரம். தலைப்பு எட்டவில்லை. காவியா மறுமுனையை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். மேளம் கம்பத்தைத் தாண்டியது. பூபாலன் யாரையும் கேட்காமல், ஒரு அடி, அப்புறம் இன்னொரு அடி என்று, பம்ப் செட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.